முன்னூற்றைம்பது டிகிரி

டிசம்பர் 20, 1930, சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்.

காலையில் முதல் வேலையாக, பள்ளிக்கூடத்து வெப்பமானியைத் தகர அடுப்புக்குள் வைத்தேன். கிறிஸ்துமஸ் கேக்குக்கு முன்னூற்றைம்பது டிகிரி என்கிறது சமையல் புத்தகம். கரி கனன்றால் பாதரசம் ஏறியது, நீறு பூத்தால் இறங்கியது. ஓரிடத்தில் நிற்கவேயில்லை.

பக்கத்து வீட்டு எஸ்தர் சிரித்தாள். "டீச்சரக்கா, புத்தகம் எழுதினவிய அடுப்பும் இப்படித்தான் ஆடியிருக்கும். அதான் முழுசா ஒரு நம்பரப் போட்டுட்டாவ. கேக்க உள்ள வைங்க, பொழுது போவுது!"

வைத்தேன். நன்றாகவே வெந்தது. இரவு ஒரு துண்டு தின்றேன். மீதியைத் தின்ன வீட்டில் ஆளில்லை.

மனைவியை இழந்த தளவாய்புரம் சாமுவேல் சார், மழைக்கு முன்பே என்னை மணக்கக் கேட்டார். மனம் ஒரு நிலையில் நிற்கட்டும் என்று பதில் சொல்லாமல் இருக்கிறேன். அது நிற்காது போலிருக்கிறது. நாளை ஆராதனை முடிந்ததும் சம்மதம் சொல்லிவிடுவேன். எஸ்தருக்குக்கூடத் தெரியாது.