இரண்டாவது தட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது தான் இருப்பதை ஞாபகப்படுத்துகிறது. நீ அனுப்பிய பார்சல் போன மாதமே வந்துவிட்டது. பத்துப் பெட்டி, பெட்டிக்கு இரண்டு இசைத்தட்டு, தட்டுக்குப் பதினோரு பாட்டு. எதுவும் உடையவில்லை. எந்தக் கம்பெனியும் இல்லாமல் நீயே எழுதி, நாட்டுப்பாட்டு மெட்டில் நீயே பாடி, அட்டையையும் நீயே ஒட்டியிருக்கிறாய். ஒட்டியது கொஞ்சம் கோணல்.

ஜால்ரா வேண்டாம், கேட்டவர்கள் சொன்னதை அப்படியே எழுதுங்கள் என்று கேட்டிருந்தாய். இரண்டாவது தட்டிலுள்ள நம் வீட்டைப் பற்றிய பாட்டுகளை, உன்னைப் பாடக் கூப்பிட்டிருக்கும் அந்தப் பெரிய அரங்கத்தில் பாடுவதா, இனிமேல் அந்த மாதிரி எழுதுவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வாய் என்றும் சொன்னாய். சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் பிஸ்கட் கம்பெனியில் ருசி பார்க்கும் குழுவை நடத்தியவன் நான். எந்த மாவு, யார் கைவேலை என்று சொல்லக் கூடாது. சாப்பிடுகிறவர் சொன்னதைத் திருத்தாமல் எழுத வேண்டும். இதுதான் எங்கள் முறை. அதன்படியே, "ஒரு பொண்ணு பாடியிருக்கு, கேட்டுச் சொல்லுங்க" என்பதோடு வாயை மூடிக்கொண்டேன். பிளேயரையும் நானே தூக்கிக்கொண்டு போனேன்.

தெருமுனைத் தையல்காரர் தைத்துக்கொண்டே கேட்டார். "இந்தப் பொண்ணு மூச்சே விட மாட்டேங்குது, யாராவது ஒரு டம்ளர் தண்ணி குடுங்க" என்றார் மூன்றாவது பாட்டில். ஆறாவதை மட்டும் திரும்பப் போடச் சொன்னார், காரணம் சொல்லவில்லை. கடைசியில் பார்த்தால் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்திருந்தார். இது பாராட்டா புகாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மேல் மாடி லிஃப்ட் மெக்கானிக்குக்கு மேளம் இல்லாதது பெரிய குறை. மோட்டார் இல்லாத லிஃப்ட் மாதிரி இருக்கிறதாம். ஆனால் மறுநாள் உன் இரண்டாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் படியிறங்கினார். மருந்துக்கடைப் பெண் கெட்டிக்காரி. "பாதிப் பாட்டு நல்லாருக்கு சார். மீதிப் பாதியும் அதே பாட்டுதான்" என்றாள். இதை நீ யோசிக்கலாம்.

உன் அத்தை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிட்டாள். எங்க வீட்டுக் குரல் எனக்குத் தெரியாதா என்று சொல்லி, எல்லாமே பிரமாதம் என்றாள். முறைப்படி அவள் ஓட்டு செல்லாது.

இரண்டாவது தட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். தொண்டைக்கு வெந்நீர் குடி.

உன் நலம் நாடும்
அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் பதில் கிடைத்தது. சொல்ல எதுவும் இல்லை என்பதும் ஒரு கருத்துதானே அப்பா என்று எழுதியிருக்கிறாய். அரங்கத்துக்குக் கொடுக்கும் பட்டியலிலிருந்து அந்தப் பதினொன்றையும் எடுத்துவிட்டதாகவும், இனி அந்த மாதிரிப் பாட்டின் பக்கமே போகப் போவதில்லை என்றும் சொல்கிறாய். கடிதத்தில் எங்கேயும் கோபம் இல்லை. இரண்டு தடவை படித்தேன். பட்டியல் வெள்ளிக்கிழமைதான் போகிறது, அதற்குள் உனக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எழுதியது பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஏனென்றால் யாருக்கும் நான் அந்தத் தட்டைப் போடவே இல்லை.

கம்பெனியில் ஒரே நாளில் இரண்டு மாதிரி கொடுக்க மாட்டோம். முதலாவதின் ருசி நாக்கில் நின்றுவிடும். அதனால் ஒரு வாரம் போகட்டும் என்று வைத்திருந்தேன். அந்த வாரத்தில் நான் மட்டும் அதைக் கேட்டேன். நாலாவது பாட்டு வந்தது. அம்மா நாலு மாதம் ஆஸ்பத்திரியில். மகள் தினமும் காலேஜ் விட்டு நேராக வந்து கட்டிலருகே உட்காருகிறாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறார், கையில் உடைந்த பிஸ்கட் பொட்டலத்தோடு. என் பெயர் இல்லைதான். எனக்கு அதற்குமேல் கேட்க முடியவில்லை. இரண்டாவது தட்டு பத்தையும் எடுத்துச் செருப்புப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். வாரம் மாதமாயிற்று. உன் கேள்விக்கு அந்த ஒரு வரியை எழுதித் தப்பித்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையே பெட்டியைத் திறந்தேன். அதே நாலு பேர், அதே முறை.

தையல்காரர் நாலாவது பாட்டில் மிஷினை நிறுத்திவிட்டார். "இந்த ஆளு என் கைல கெடச்சா நாலு வார்த்தை நறுக்குனு கேப்பேன்" என்றார். ஆள் எதிரில் உட்கார்ந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிவிட்டேன்.

லிஃப்ட் மெக்கானிக், இதற்கு மேளம் வேண்டாம் சார் என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிளேயரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசல் வரை வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மருந்துக்கடைப் பெண் அந்தத் தட்டைத் திருப்பித் தர மறுத்துவிட்டாள். பாட்டெல்லாம் ஒரே மாதிரி என்ற பேச்சே இந்தத் தடவை இல்லை. "சில பேரு இப்படித்தான் சார். சீட்டை நீட்டி மருந்தை வாங்குவாங்க, வார்டுக்குள்ள மட்டும் போக மாட்டாங்க. கெட்டவங்க இல்ல, பயம்" என்றாள். எனக்காகப் பேசினாள் என்று நினைக்காதே, அவளுக்கும் ஆள் யாரென்று தெரியாது.

தெரிந்தவள் உன் அத்தை ஒருத்திதான். பாட்டு முடிந்ததும் பிளேயரை அணைத்தாள். "அண்ணா, அவ உன்னை ரொம்ப லேசா விட்டுட்டா" என்றாள். ஏன் என்று கேட்டேன். வேலை இருந்ததால் வர முடியவில்லை என்று எழுதியிருக்கிறாளே, உனக்கு எங்கே வேலை இருந்தது என்றாள்.

அவள் சொன்னது சரி. பாட்டின் இரண்டாவது அடியில் ஒரு தப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரிக் கதவு மூடிய பிறகுதான் அவருக்கு ஷிஃப்ட் முடியும் என்று எழுதியிருக்கிறாய். நீ அப்படித்தான் நம்பியிருப்பாய், உன்னிடம் அப்படிச் சொன்னவன் நான்தானே. அந்த நாலு மாதமும் எனக்குக் காலை ஷிஃப்ட். இரண்டு மணிக்கு முடிந்துவிடும். மூன்று மணிக்கு வீட்டில் இருப்பேன். சட்டை மாற்றிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசல் பக்கத்து நாற்காலியில் உட்காருவேன். கிளம்ப முடியாது. உன் அம்மாவை அந்தக் கட்டிலில் பார்க்க என்னால் முடியவில்லை, அதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை. ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவை மூடியிருப்பார்கள் என்று தெரிந்ததும் செருப்பைக் கழற்றுவேன். பிறகு நீ வருவாய். இப்போதுதான் வேலை விட்டு வந்தேன் என்பேன்.

உன் அம்மாவுக்கு இது தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அவளிடம் சொன்னேன். சரி, விடுங்க என்றாள். கடைசி வரை அவள் உன்னிடம் சொல்லவே இல்லை என்பது உன் பாட்டைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆகவே அந்தப் பதினொன்றையும் வெள்ளிக்கிழமைக்குள் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிடு. ஷிஃப்ட் வரியை மாற்ற வேண்டுமென்றால் மாற்று. மெட்டில் உட்காரவில்லை என்றால் பழைய வரியே இருக்கட்டும், நான் தப்பித்ததாக நினைக்க மாட்டேன். ஆனால் என்னால் நீ ஒரு பாட்டையும் நிறுத்தக் கூடாது. இன்னும் எழுது. என்னைப் பற்றியும் எழுது.

முன் வரிசையில் எனக்கு ஓர் இடம் சொல்லி வை. அத்தையும் வருகிறாள். நீ நாலாவது பாட்டைப் பாடும்போது நான் எழுந்து போக மாட்டேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும் அம்மா.

உன் அப்பா