பேத்தியின் பெயர் சுவிசுக்குப் போய்ச் சேர்ந்த விதம்

தர்மபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மகள் தாட்சாயினிக்கும் மருமகன் சுகிர்தனுக்கும் அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் பசுவும் கன்றும் நல்ல சுகம். அங்கே அந்தக் குளிருக்குள் நீங்கள் இருவரும் என் பேத்தி கஜனியும் சளி, காய்ச்சல் எதுவும் அண்டாமல் இருக்க வற்றாப்பளை அம்மன் பக்கத்தில் நிற்க வேண்டும். மகள், இது முழுவதும் அப்பாவின் கையெழுத்து. சனசமூக நிலையத்து முதியோர் வகுப்பில் படித்ததை வைத்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன். பெயர் வைத்த அன்று போனில் படம் கண்ணாடி போல இருந்தது என்று நீ சந்தோஷப்பட்டாய் அல்லவா, அது எப்படித் தெளிந்தது என்று உனக்குத் தெரியாது. போனில் சொல்லத் தொடங்கினால் அம்மா இடையில் புகுந்து தன் கதையைச் சொல்லிவிடுவாள், அதனால்தான் கடிதம்.

முப்பத்தோராம் நாள் அங்கே சடங்கு நடக்கும்போது இங்கே அப்பாதான் பிள்ளையின் பெயரை அரிசியில் எழுத வேண்டும், நாங்கள் போனில் பார்ப்போம் என்று நீ சொன்னதும் எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். உனக்குப் பெயர் வைத்தபோது அரிசியில் எழுதியது வேறொருவர், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இந்த முறை என் விரல். ஆனால் எழுதிப் பழகிக் காட்டலாம் என்று உன்னைக் கூப்பிட்ட ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது? ஒரு எழுத்தை முடிப்பதற்குள் படம் நின்றுவிடும், நீ திறந்த வாயோடு அப்படியே நிற்பாய். நீங்க எழுதுற வேகத்தப் பார்த்து அந்த வைஃபைப் பெட்டியே தூங்கிடுச்சுங்க என்று அம்மா சிரித்தாள். சிரித்தாளே தவிர அவளுக்கும் பயம், சடங்கன்றும் இப்படி நின்றால் பேத்தியின் முகத்தைப் பார்க்க முடியாதே என்று குசினிக்குள் போய்க் கண்ணைத் துடைத்ததை நான் கண்டேன்.

அதனால் வைஃபை கொடுத்த கம்பனிக்குப் போன் எடுத்தேன். ஒரு பிள்ளை கதைத்தது, நல்ல பொறுமை. ஐயா, முதல்ல பெட்டியை நிப்பாட்டிப் போட்டு, கொஞ்சம் பொறுத்துத் திரும்பப் போடுங்கோ என்றது. சுவரில் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டேன். இப்ப லைட் என்ன நிறத்தில எரியுது என்று கேட்டது. இருங்க பிள்ளை, அலுமாரியைத் திறந்து பார்க்கிறேன் என்றேன். அலுமாரியோ, என்ன அலுமாரி ஐயா என்றது. இரும்பு அலுமாரி, காணி உறுதியும் அம்மாவின் தோடும் அதற்குள்தான் என்றேன். நீ விலை கொடுத்து வாங்கித் தந்த சாமான், எலி கடிக்கும், தூசி படியும் என்று அம்மா பின்தகட்டில் ஓட்டை போடுவித்து வயரை உள்ளே இழுத்துப் பெட்டியை வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகியிருந்தாள். அந்தப் பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது விளக்கு மாதிரி ஐயா, பூட்டி வைச்சா வெளிச்சம் வெளியில வராது, உயரத்தில, ஜன்னல் பக்கமா, டவர் இருக்கிற திசையில வையுங்கோ, தண்ணி டிரம்முக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் கிட்ட வேண்டாம் என்றது. நான் ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை அடித்தேன். அம்மா பெட்டிக்குச் சந்தனப் பொட்டு வைத்தாள்.

பகலில் நன்றாக ஓடியது. பின்னேரமானால் பழையபடி இழுபறி. மறுபடியும் கேட்டேன். எத்தினை பேர் ஐயா பாவிக்கிறீங்கள் என்றது. நாங்கள் இரண்டு பேர், பிறகு தெரு என்றேன். தெருவோ என்று கத்தியேவிட்டது. உனக்குத்தான் தெரியுமே, கோடையில் நம் கிணறுதான் வற்றாது, எல்லோரும் வந்து அள்ளுவார்கள். தண்ணீர் அள்ள வந்தவர்கள் பாஸ்வேர்ட்டையும் கேட்டார்கள், வாளியை இறக்க விட்டவன் அதை மட்டும் எப்படி மறைப்பது? பாஸ்வேர்ட்டை மாத்திவிடுங்கோ என்று அந்தப் பிள்ளை சொன்னது. மாத்துங்க, நமக்குப் பேத்திதான் பெருசு என்று அம்மாவும் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பிரேமிளாவின் பிள்ளைகள் அதில்தான் பாடம் படிக்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை. வீடு வீடாகப் போய், சடங்கு முடியும் வரைக்கும் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். எதிர்வீட்டு ராசு, அண்ணை, நல்ல மேட்ச் இருக்கிற அண்டைக்கோ பேர் வைக்கிறியள், பேத்தியை ஒரு கிழமை பிந்திப் பிறக்கச் சொல்லியிருக்கலாமே என்றான். பிரேமிளா அவனை அதட்டி, அவர் சும்மா பகிடி விடுறார், நாங்கள் எல்லாரும் வாறம் ஐயா என்றாள்.

சொன்னபடி தெருவே வந்தது. அம்மா படலை வாசலில் சுளகோடு நின்று, போனை நிறுத்தி இதில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்றாள். சுளகு நிறையப் போன்கள், ராசுவின் போன் கடைசியாக விழுந்தது. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பினேன், பிரேமிளா நம் போனைப் பிடித்தாள். க வந்துவிட்டது. அந்த ஜ இருக்கிறதே, அது வளைந்து வளைந்து போகிறது. அண்ணை, நீங்கள் முடிக்கிறதுக்குள்ள பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும் என்றான் ராசு. நான் அவசரப்படவில்லை. கடைசி எழுத்தையும் சுழித்து முடித்து நிமிர்ந்து போனைப் பார்த்தேன். நீ அசையவில்லை, மருமகனும் அசையவில்லை, மடியில் பிள்ளையும் அசையவில்லை. ஐயோ நின்னுடுச்சுங்க என்று அம்மா தலையில் கை வைத்தாள். ராசு பெட்டியைப் பார்க்க ஜன்னலுக்கு ஓடினான். நான் எழுதியது உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் கஜனி வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டாள். படம் நிற்கவில்லை என்று முற்றமே கூச்சல் போட்டது. என்னப்பா அங்க சத்தம் என்று நீ கண்ணைத் துடைத்தபடி கேட்டாய், அந்த ஆரவாரத்தில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பதில் இதுதான் மகள்.

பிள்ளைக்குத் தலையை மூடிக் கட்டு. நீ நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனையும் சாப்பிட வை. இடி முழங்கினால் இங்கே வயரைக் கழற்றிவிடுவோம், அந்த நேரம் நாங்கள் போனில் கிடைக்காவிட்டால் பயப்படாதே. எனக்கும் ஒரு கடிதம் போடு, பெரிய எழுத்தாக எழுது, நானே வாசிப்பேன். மூன்று பேரும் நூறு வருடம் ஒன்றாய்ச் சிரித்து வாழ வேண்டும்.

கைநாட்டு இல்லாமல் கையொப்பம் இடும்
உன் அப்பா
வீரகத்தி

அம்மா கமலாட்சி பேத்திக்கு ஒரு முத்தம் தருகிறாளாம்.