ராசிபுரத்திலிருந்து போய்க்கொண்டிருந்த உன் கால்சைன்

என் அருமை அண்ணா,

உன் காரியம் முடிந்த அன்று பகலிலேயே நீ பேச ஆரம்பித்துவிட்டாய். காலையில் போன கரண்ட், பந்தியில் இலை போட்டபோதுதான் வந்தது. பூட்டியிருந்த உன் ரேடியோ அறைக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம், பிறகு ஏதோ சுழலும் ஓசை. "உள்ளுக்கு யாருங்க?" என்று மாமா கேட்டார். ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

யாருமில்லை, உன் லினக்ஸ் கணினிதான். கரண்ட் வந்ததும் தானே எழுந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உன் கால்சைனை, அமெச்சூர் ரேடியோ உரிமத்தோடு உனக்குக் கிடைத்த அந்த எழுத்துகளை, காற்றில் அனுப்பும்படி நிரல் எழுதி வைத்திருந்தாய். எங்கெங்கோ அதைக் கேட்கும் கணினிகள் இணையத்தில் உலக வரைபடத்தின் மேல் ஒரு கோடு போடுகின்றன. அன்று மாலைக்குள் ராசிபுரத்திலிருந்து பின்லாந்து வரைக்கும் கோடு. இருந்தபோது நான் போன் பண்ணினால் எடுக்கமாட்டாயே, பாவி மனுசா!

ஒரு மாதம் இப்படியே போனது. அண்ணி தினமும் அந்த அறையிலேயே போய் உட்கார்ந்துகொண்டார். சாப்பாடுகூட அங்கேதான். அப்புறம் உன் ஈரோட்டு ரேடியோ நண்பர் போனில் என்னைக் கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, ஆளு போனப்புறம் கால்சைன் வரக்கூடாதுங்க, அது சட்டம். நேத்து மத்தியானம் பாத்துட்டு எனக்கே ஒடம்பு சிலுத்துப் போச்சுங்க."

உன் நிரலை நிறுத்தினேன். கண்ணெதிரே மறுபடி கிளம்பியது. இரண்டாம் முறையும் அப்படியே. 'எல்லாம் திறந்த நிரல்தான், உள்ளே போய்ப் படிச்சுப் பாரு' என்பாயே, படித்தேன். நின்றால் மறுபடி கிளப்பு என்று ஒரு வரி. அதன் மேல் உன் குறிப்பு: 'நான் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.' யாருக்காக எழுதினாய்?

"அதை அழிச்சுப்போடாத சாமி" என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவரு ஊட்ல இருக்காருன்னு சொல்றது அது ஒண்ணுதான்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அனுப்பும் வரிகளை மட்டும் எடுத்தேன், மற்றவர்கள் அனுப்புவதைக் கேட்கும் வரிகளை விட்டுவிட்டேன். யார் எழுதிய நிரலானாலும் மாற்றிக்கொள்ள உரிமை உண்டு என்று நீதானே சொல்வாய். இப்போது அது பேசுவதில்லை. எந்தெந்த ஊரிலிருந்தோ யார் யாருடைய கால்சைனோ திரையில் வரிவரியாக இறங்குகிறது. நல்லதைத்தான் செய்தேன் என்று நினைத்திருந்தேன்.

நேற்று அண்ணி கேட்டார்: "அவரு கால்சைன் வேற எங்கிருந்தாச்சும் வந்தா இதுல காட்டுமா?"

காட்டும் என்றேன். எது வந்தாலும் காட்டும்தானே? வேறென்ன சொல்லியிருக்க வேண்டும் நான்? அப்போதிருந்து அவர் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. வைத்த டீ ஆடை கட்டிக் கிடக்கிறது. பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வாங்கப்போகிறாராம். எதற்கு அண்ணி என்றால், "பதில் சொல்லோணுமல்ல?" என்கிறார்.

இனி அவரை அந்த அறையில் தனியே உட்கார விடமாட்டேன், இது சத்தியம். பக்கத்திலேயே நானும் இருப்பேன். ஆனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன் அண்ணா, நீ கூப்பிட்டுவிடாதே.

உன் கூடப்பிறந்தவள்,
அண்ணியின் பக்கத்து நாற்காலியில் இருக்கும் தங்கை