அந்த ஒரு சொல்லை எழுத மாட்டேன்

நம் பெண்ணின் அப்பாவுக்கு,

நேற்று என் ஆய்வுக்கூட வேலை போய்விட்டது. வேறு யாராவது கண் காது மூக்கு வைத்துச் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

முந்நூறு குழந்தைகளின் பேச்சைப் பதிவுசெய்து, வீட்டு நிலவரத்தையும் கேட்டு எழுதினேன். வேலைக்குப் போகும் தாய்மார்களின் பிள்ளைகளில் திக்குபவர்கள் கொஞ்சம் அதிகம். அதை நான் மறைக்கவில்லை.

"அம்மா வேலைக்குப் போறதுதான் காரணம்னு முடிவுரையில எழுதும்மா," என்றார் இயக்குநர்.

"நாம சோதனை எதுவும் பண்ணலையே சார். சீட்டுக் குலுக்கி, பாதி அம்மாக்களை வேலைக்கு அனுப்பி, மீதிப் பேரை வீட்டுல வச்சா பார்த்தோம்? இருக்கிறதை இருக்கிறபடி பார்த்தோம், அவ்வளவுதான். பிள்ளை திக்க ஆரம்பிச்ச பிறகு, பேச்சுப் பயிற்சிக்குக் கட்டறதுக்காகவே வேலைக்குப் போன அம்மாக்களும் இதுல இருக்காங்க."

அவர்களில் ஒருத்தி உங்களோடு ஆறு வருடம் குடும்பம் நடத்தியவள்.

"ஒரு வார்த்தைதானேம்மா?"

"அந்த வார்த்தையை வச்சு எத்தனை வீட்டுல எத்தனை பேரைக் கூண்டுல ஏத்துவாங்க, தெரியுமா சார்?"

அந்த அறிக்கையில் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

நீங்களும் உங்கள் அம்மாவும் ஒரே ஒரு குழந்தையை வைத்து, நான்தான் காரணம் என்று ஒரே வாரத்தில் தீர்ப்பு எழுதினீர்கள். அன்று தலைகுனிந்து நின்றேன். அந்தத் தப்பை இனிச் செய்யமாட்டேன்.

திங்கட்கிழமை ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்கிறேன். நீங்கள் நம் பெண்ணைப் பார்க்க வரலாம். ஆனால் அவள் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், குறுக்கே பேசாமல் உட்கார வேண்டும். முடியுமென்றால் வாருங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா