அக்கரைப்பாடியார் திருப்பி அனுப்பிய எண்

மணிநீர் நாட்டுப் பேரரசியார், கடல்காவல் பூண்ட இளந்திருமாதேவியாரின் திருவாணையால், அஞ்சற் பேரமைச்சி உமையாண்டி எழுதுவது. தண்ணாற்றுத் தென்கரை, அக்கரைப்பாடி ஊர்த்தலைவர் பொற்கோதனாரும் ஊராரும் காண்க. உங்கள் வயல் விளைக, தொழுவம் நிறைக.

வாசிப்பவரைச் சுற்றி எல்லாரும் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளே. கதை ஒன்று சொல்கிறேன். உங்கள் ஊர்க் கதைதான். ஆனால் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

நம் நாட்டில் ஒரே பெயரில் பல ஊர்கள் இருப்பதால், ஒருவர் வீட்டு ஓலை இன்னொருவர் வீட்டில் போய் விழுந்துகொண்டிருந்தது. ஆகவே ஒவ்வோர் ஓலைக்கும் ஆறு இலக்கம் இடப் பேரரசியார் பணித்தார். முதலாவது திசையையும், இரண்டாவது அத்திசையிலுள்ள வளநாட்டையும், மூன்றாவது ஓலைகளைக் கொட்டிப் பிரிக்கும் பெருஞ்சாவடியையும் சொல்லும். கடைசி மூன்றும் சேர்ந்து, உங்கள் வாசலுக்கு ஆள் புறப்படும் சிறுசாவடியைக் காட்டும். அம்முறைப்படி, உங்கள் கரையிலேயே உள்ள கொற்றிமேட்டுச் சாவடியின் எண்ணை உங்களுக்கு வழங்கினோம்.

நீங்களோ அதைத் திருப்பி அனுப்பினீர்கள். தலைவரின் மைத்துனர் தாழியனார் அவைக்கே வந்து, "ஆலங்கோயில் தேருக்கு நாங்களும்தானே வடம் பிடிக்கிறோம்? அவுகளுக்கு ஒரு எண்ணு, எங்களுக்கு வேற எண்ணா? எங்களை ஊரை விட்டுத் தள்ளி வைக்கிறீகளா தாயே?" என்று கண்கலங்கினார். பேரரசியார் மனமிரங்கி, வடகரை ஆலங்கோயில் எண்ணையே உங்களுக்கும் தந்தார்.

பிறகு ஆறு பெருகியது, படகுகள் கரையேறின. ஆலங்கோயில் சாவடியிலிருந்து படகேறி வரவேண்டிய உங்கள் ஓலைகளெல்லாம் வடகரையில் தங்கின. தலைவர் மகள் அல்லிக்குப் பூ முடிக்கக் குறித்த நாளில், வெளியூர் மாப்பிள்ளை செங்கீரனைக் காணோம்; ஓலையும் வரவில்லை. நீங்கள் கோபித்து, வரும் முகூர்த்தத்தில் அவளை வேறோர் இடத்தில் கொடுக்க நிச்சயித்தீர்கள்.

அல்லி சும்மா இருக்கவில்லை. மேட்டுவழியே நடந்து கொற்றிமேட்டுச் சாவடிக்கு வந்து, "அண்ணே, எனக்கு ஓலை வந்திருக்கா? இல்லேன்னாலும் சொல்லிருங்க, அழ மாட்டேன்" என்றாளாம். சாவடிக்காரர், "நீ நடந்து வந்த பாதையிலேயே ஓலையும் நடந்து வந்திருக்கும் தங்கச்சி. உங்க ஊர்ப் பெரியவுகதான் இந்த எண்ணே வேணாம்னுட்டாகளே!" என்று சொல்லி அனுப்பிவிட்டு, உடனே நமக்குச் செய்தி விடுத்தார்.

நாம் வடகரைக்கு ஆள் அனுப்பினோம். அங்கே படகுத்துறையில் ஓர் இளைஞன் தாடியும் மீசையுமாக உட்கார்ந்து ஓலை எழுதிக்கொண்டிருந்தான். செங்கீரன்தான்! குறித்த நாளிலேயே வந்தவன் வெள்ளத்தைக் கண்டு நின்றுவிட்டான். அன்றாடம் அல்லிக்கு ஓலை எழுதி, நீங்கள் கேட்டு வாங்கிய எண்ணை இட, அவை அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த ஆலங்கோயில் சாவடியிலேயே போய்க் குவிந்தன. "நாளைக்குத் தண்ணி வத்திரும் மாப்ளே" என்று படகுக்காரர்கள் தினமும் தேற்றினார்களாம். ஆற்றோட்டத்துக்கு மேற்புறம் கல்பாலம் இருப்பதை வெளியூர்க்காரனிடம் படகுக்காரர் யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா?

பேரரசியார் இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அவையே குலுங்கியது.

மக்களே, திசை, வளநாடு, பெருஞ்சாவடி ஆகிய முதல் மூன்று இலக்கமும் ஆலங்கோயிலுக்கும் உங்களுக்கும் ஒன்றேதான். கடைசி மூன்றோ, ஓலைக்காரர் எக்கரையில் நடந்து வருகிறார் என்பதை மட்டுமே சொல்லும். உறவை அது அளப்பதில்லை. தேர்வடம் என்றும் உங்கள் கையில்தான்.

ஆகவே ஆணை: இன்று முதல் அக்கரைப்பாடியின் எண், நீங்கள் திருப்பி அனுப்பிய அதே கொற்றிமேட்டு எண்ணான மூன்று, ஒன்று, நான்கு, ஆறு, இரண்டு, ஏழு. பிறர் ஓலையை நாம் பிரித்துப் படிப்பதில்லை. ஆதலால் செங்கீரன் எழுதிய கட்டு முழுவதையும் இப்புதிய எண்ணிட்டு அல்லியின் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறோம். அவள் எவனை வரிக்கிறாளோ அவனுக்கே பூ முடிக்க வேண்டும். மற்ற மாப்பிள்ளை வீட்டாரிடம் பொற்கோதனாரே நேரில் சென்று பொறுத்தருளக் கேட்க வேண்டும். கல்பாலம் கடந்து, கொற்றிமேட்டு வழியாக இவ்வோலையைக் கொணர்ந்த ஓலைக்காரருக்குப் பின்னால் வெட்கப்பட்டு நிற்பவனை உள்ளே அழையுங்கள். பாவம், பசியோடிருப்பான்.

மீன்கொத்தி முத்திரை இட்டோம். உங்கள் வீடுதோறும் அடுப்பு அணையாதிருக்க, பிள்ளைச் சிரிப்பு ஓயாதிருக்க, வாழ்க நீடு.