கரிச்சானுக்கு வாங்கிய காமிரா

1956 செப்டம்பர் 3, திங்கள்

காலையில் கொய்யா மரத்தில் தேன்சிட்டு. அது வந்தது பெரிதில்லை, அவர் அதை நிமிர்ந்து பார்த்தாரே, அதுதான் பெரிது. சித்திரையில் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து என் வீட்டுக்காரர் எதையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கை கால் தேறிவிட்டது. பேச்சும் வரும், கொஞ்சம் குழறும், பேசப் பேசச் சரியாகும் என்று டாக்டரே சொன்னார். இவர் பேசினால்தானே! எங்கள் ஏலக்காய்க் கடைக்கு வந்த வியாபாரி ஒருவர் "என்ன? என்ன சொல்றீக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கொழுந்தனார் சுந்தரராஜ் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அன்றோடு வாயை மூடியவர்தான். இப்போது எல்லாம் சிலேட்டும் குச்சியும். "காபி." "விளக்கை அணை." பேசிப் பேசியே என்னை மயக்கிக் கட்டிக்கொண்ட மனுஷன்!

சிட்டு பறந்ததும் சிலேட்டில் எழுதினார்: "படம் பிடித்தால் நன்றாக இருக்கும்."

இதை விடுவேனா?

செப்டம்பர் 7, வெள்ளி

ஸ்டூடியோ ஜக்கையனிடம் போனேன். குருவியைப் படம் பிடிக்கணும் என்றதும் அவர் துளிகூடச் சிரிக்காமல், "பிடிச்சுக் கூண்டுல போட்டுக் கொண்டாங்கம்மா. அருவி வரைஞ்ச சீலை ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. அதுக்கு முன்னால வெச்சு வெரசா எடுத்துருவோம்" என்றார். தலையைக் கொஞ்சம் சாய்க்கச் சொல்லி, பவுடரும் போட்டுவிடுவார் போல. கடைசியில் தன் பழைய பெட்டிக் காமிராவை இரவல் கொடுத்தார்.

செப்டம்பர் 16, ஞாயிறு

படங்கள் வந்தன. கொய்யா மரம் அருமையாக விழுந்திருக்கிறது. சுவர், கொடியில் காயும் என் சேலை எல்லாம் தெளிவு. தேன்சிட்டு எங்கே என்று இரண்டு பேரும் தேடினோம். கடுகளவில் ஒரு கறுப்பு. அதுவும் எறும்பாக இருக்கலாம்.

அவர் எழுதினார்: "நீளக் குழல் வேண்டும். துரை வைத்திருந்தது."

துரை! எத்தனை வருஷமாயிற்று. கல்யாணமான புதிதில் குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்தில் குடியிருந்தபோது, பக்கத்து எஸ்டேட் துரை துப்பாக்கிக் குழல் மாதிரி ஒன்றைக் காமிராவில் மாட்டிக்கொண்டு ஓடையில் முழங்கால் தண்ணீரில் நிற்பார். இவர் வேலையை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே அலைவார்.

செப்டம்பர் 19, புதன்

சண்டை. "நீளக் குழல், கழற்றி மாட்டுவது" என்று எழுதி நீட்டினார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "வாயத் தொறந்து சொல்லுங்க, வாங்கிட்டு வர்றேன். சிலேட்டுக்கெல்லாம் காமிரா வாங்கமாட்டேன்" என்றேன். அவர் சேலைத் தலைப்பை இழுத்து — என் தலைப்பைத்தான் — சிலேட்டைத் துடைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் செய்தது கொடுமையா? கொடுமைதான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்காமல் எனக்கு வீடு வீடாக இல்லை.

செப்டம்பர் 28, வெள்ளி

சுந்தரராஜோடு ரயிலில் மதுரை போய்க் காமிரா வாங்கியாயிற்று. மடக்குக் காமிரா. திறந்தால் ஆர்மோனியம் மாதிரித் துருத்தி விரிகிறது, கோவில் பாட்டு ஞாபகம் வந்தது, பிடித்துவிட்டது. "மதினி, அண்ணன் கேட்டது இது இல்லையே" என்றார் கொழுந்தனார். "உங்க அண்ணன் எங்கிட்ட எதுவும் கேக்கலையே" என்றேன். பக்கத்தில் போய் எடுத்தால் பெரிதாக விழும் என்று கடைக்காரர் சொல்கிறார். மலையில் குருவிகள் மனிதரைக் கண்டு அவ்வளவாகப் பயப்படாது.

அவர் காமிராவைத் திறந்து பார்த்தார், மூடினார். சிலேட்டைக்கூடத் தொடவில்லை.

அக்டோபர் 5, வெள்ளி

மழை. தூக்கம் வராமல் பழசையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் அவர் காட்டிலிருந்து திரும்பும்போது ஓடைக்கு அந்தப் பக்கமிருந்தே விசிலடிப்பார். கேட்டதும் நான் காபிக்குத் தண்ணீர் வைப்பேன். ஒருநாள் விசில் கேட்டது, காபி போட்டேன், ஆள் வரவில்லை. மறுநாளும் அப்படியே. கடைசியில் பார்த்தால் பலா மரத்தில் ஒரு மலைக் கரிச்சான், வால் நுனியில் இரண்டு தகடு தொங்குமே, அது. அச்சு அசலாக அவர் விசில்! எந்தச் சத்தத்தையும் அது திருப்பிச் சொல்லுமாம். "பாக்கியம், நான் வராத காபியெல்லாம் யாரு குடிச்சது?" என்று வருஷக்கணக்கில் கேலி பண்ணுவார். நான்தான் குடித்தேன்.

அந்தக் கரிச்சானைப் படம் பிடிக்கப்போகிறேன். மலைக்குப் போகலாமா என்றேன். தலையசைத்தார்.

அக்டோபர் 12, வெள்ளி, குரங்கணி மேல்தோட்டம்

ஜீப்பில் குரங்கணி, அதற்கு மேல் அவருக்கு டோலி. பலா மரம் இருக்கிறது. கரிச்சானும் இருக்கிறது, அதே இனம், வேறு பறவை. பருந்து மாதிரிக் கத்தியது, அணில் மாதிரிக் கத்தியது. எங்கள் விசிலை அடிக்கவே இல்லை. யாரிடம் கற்றிருக்கும்? அவர் அண்ணாந்து கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார். 

முடிந்த மட்டும் கிட்டப் போய்ப் படம் எடுத்தேன். மஞ்சு இறங்கிக் காமிரா முழுக்க நனைந்துவிட்டது. அடுப்பு மூட்டி ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வைத்திருக்கிறேன். மலையில் நனைந்த எதையும் அங்கேதானே வைப்போம்: சட்டை, தீப்பெட்டி, ஒருதடவை என் பைபிளைக்கூட. அந்த வருஷம் முழுக்கச் சங்கீதம் படித்தால் ஏலக்காய் மணக்கும்.

அக்டோபர் 13, சனி

விளக்கை அணைக்க மனமில்லாமல் எழுதுகிறேன். சந்தோஷத்தில்.

காலையில் அடுப்புக்காரர் உக்கிரபாண்டி காமிராவைத் துணியில் ஏந்திக் கொண்டுவந்தார். "ஆத்தா, இது காஞ்சுதான் இருக்கு. ஆனா உரு மாறிப்போச்சு." துருத்தி பசை விட்டுத் தனியாகத் தொங்குகிறது. உள்ளே பிலிம் சுருண்டு ஒட்டிக்கிடக்கிறது. சூடு ஆகாது என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

பின்னாலிருந்து ஒரு சத்தம்.

"அட கூறுகெட்டவளே! காமிராவக் கொண்டுபோயி ஸ்டோர்ல வைப்பாகளா? அது என்ன ஏலக்காயா?"

காய் பொறுக்கிய பெண்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். சொல் குழறத்தான் செய்தது. யாரும் என்ன என்று கேட்கவில்லை. திட்டு நன்றாகவே புரிந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். காமிராவுக்காக அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். "சரி, விடு. வேற வாங்கலாம், அழுகாத" என்றார். கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம்.

அக்டோபர் 14, ஞாயிறு

இன்றும் திட்டு. ஜெபத்துக்கு நடுவிலும்.

அக்டோபர் 24, புதன், போடி

அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டேனோ? என்னிடம் பேசுகிறார், உப்புக் குறைந்தால்கூட ஒரு பிரசங்கம். சாயங்காலம் சுந்தரராஜ் வந்தார். உடனே சிலேட்டு. சொந்தத் தம்பியிடமே! கடைக்கு வாங்க என்று தம்பி கூப்பிட்டதற்கும் அதிலேயே "பார்க்கலாம்." என்னிடம் மட்டும் பேசி என்ன ஆகப்போகிறது?

நவம்பர் 6, செவ்வாய், மதுரை

அதே காமிராக் கடை. நானும் அவரும் மட்டும்.

கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, "அந்த மடக்குக் காமிரா எப்படி இருக்கும்மா? ஐயாவுக்கு என்ன வேணும்?" என்று என்னிடமே கேட்டார். பதில் நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் மேல்தட்டைக் கையால் காட்டி, "நீளக் குழல். கழட்டி மாட்டுறது" என்றார்.

"என்ன?" என்று கடைக்காரர் மறுபடி என் பக்கமே திரும்பினார்.

வாசலில் யாரோ தெரிந்தவர் போவது போல நான் தெருவைப் பார்த்து நின்றுகொண்டேன். தெருவில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் அப்படி நிறைந்திருந்தது. அவர் மூச்சுவிடுவது மட்டும் கேட்டது. போகலாம் என்று என் தோளைத் தொடுவார் என்றே நினைத்தேன்.

"அய்யா, இங்கிட்டுப் பாருங்க" என்றார் அவர். "வாங்கப்போறது நானு. எங்கிட்டக் கேளுங்க."

பிறகு முதலிலிருந்து, மெதுவாக, இன்னொரு தடவை சொன்னார். கடைக்காரர் ஏணியை எடுத்துப் போட்டார்.