இரண்டாவது முறை பேசாத பெட்டி

வியாழன், இரவு.

சித்தேரி பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்லும் பெட்டிக்குப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதியது நான்தான். பஸ் ஒரே இடத்தில் நிற்கும்போது ஒருமுறை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லாமலிருக்க, சொன்ன பெயர்களை ஒரு ‘செட்’டில் போட்டு வைத்தேன். செட்டில் ஒரு பெயர் ஒரு தடவைதான் இருக்கும்.

முதலில் வெறும் நெளி அடைப்புக்குறி போட்டு, பக்கத்தில் இது செட் என்று வகையும் எழுதினேன். பைத்தான் சத்தமில்லாமல் செட்டுக்குப் பதில் வேறு வகையான டிக்‌ஷனரியை உண்டாக்கி வைத்தது. நாம் எழுதும் வகையை அது சரிபார்ப்பதே இல்லையாம்! அதைத் திருத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இன்று கண் தெரியாத செல்வி அக்கா போன் செய்தார். ஊருக்கு வழி பிரியும் பிரிவு ரோடு நிறுத்தத்திலிருந்து பஸ் ஊருக்குள் போய் அதே பிரிவுக்குத் திரும்பும். அவர் இறங்குவது அந்தப் பிரிவில்தான்; திரும்பும்போதுதான் பஸ் அவர் வீட்டுப் பக்கமாக நிற்கும்.

“ரெண்டாவது தடவ உம் பொட்டி வாயே தொறக்கல கண்ணு. தாண்டிப் போயிட்டேன்.”

உடனே உட்கார்ந்தேன். பெயரோடு ‘போகும்போது’, ‘வரும்போது’ என்பதையும் ஜோடியாகச் சேர்த்துச் செட்டில் போட்டேன். இப்போது இரண்டும் வேறுவேறு. போனிலேயே ஓடவிட்டுக் காட்டினேன்.

“மாத்திட்டேங்கக்கா. ரெண்டு தடவையும் சொல்லுதுங்களா?”

“சொல்லுது. ரெண்டும் ஒரே மாதிரியில்ல சொல்லுது? நடுவுல தூங்கி முழிச்சா, பஸ்சு போகுதா வருதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பெட்டிக்குத் தெரியும். அதை வெளியே சொல்ல வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றவில்லை.